ஆணி குத்திய கன்னம்

ஐஸ்கிரீமை ஸ்பூன் நுனியில் எடுத்து இடப்பக்கமாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தபோது மச்சான் வந்து நின்றார். எனக்கு வலது கன்னம் வீங்கி, வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. "என்ன மாப்ள இது!" என்று குனிந்து என் கன்னத்தைப் பார்த்தார். என் மனைவியின் அண்ணன் அவர். பதினெட்டு வருடமாக நாங்கள் இருவரும் சேர்ந்து சோபா பட்டறை நடத்துகிறோம். துணியை இழுத்து அடிக்கும்போது குட்டி ஆணிகளைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக வெளியே தள்ளுவது எங்கள் இருவருக்கும் பழக்கம். அதனால் பொய் சுலபமாக வந்தது. ஆணி குத்திச் சீழ் வைத்துவிட்டது, ஆபரேஷன் செய்தார்கள் என்று சொல்லிவிட்டேன்.

உண்மையில் கோளாறு கீழே. சிறுநீர்க் குழாய் சுருங்கிப்போய், நான்கு வருடமாகக் கழிவறையில் தவம் கிடந்தேன். கால் மணி நேரம் நின்றால் சொட்டுச் சொட்டாக வரும். அதைச் சரிசெய்ய, கன்னத்தின் உட்புறத் தோலை எடுத்து அங்கே ஒட்டுப்போட வேண்டும் என்றார் டாக்டர். ஆணி அடக்கியே தழும்பேறிய என் இடது கன்னத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, வலதில் எடுத்தார். இதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு மனைவியின் அண்ணனிடம் சொல்வது? வேடிக்கை என்னவென்றால், கீழே அறுத்த இடம் பரவாயில்லை. கன்னம்தான் உயிரை எடுத்தது. கொட்டாவி வந்தால்கூடக் கண்ணில் நீர் வந்துவிடும்.

அடுத்த வாரம் மனைவி ஒரு செய்தியோடு வந்தாள்.

"எங்கண்ணன் புகையிலைய விட்டுட்டாராம். ஆணிக் கதைய நம்பாம, உங்களுக்கு வாயில புத்துநோய்னு நெனச்சுக்கிட்டு, சரியா சாப்பிடறதுகூட இல்லையாம்."

ஸ்பூனைக் கீழே வைத்தேன். "சொல்லிடலாமா?"

"சும்மா இருங்க. இத்தனை வருஷமா கரடியா கத்தினோம், கேட்டாரா? இப்ப நீங்க வாயத் தொறந்தீங்கன்னா, மறுபடியும் ஆரம்பிச்சுடுவாரு."

டாக்டரோ தினமும் ஐந்து வேளை வாயைத் திற, இல்லையென்றால் இறுகிவிடும் என்கிறார். இவள் திறக்காதே என்கிறாள். கண்ணாடி முன் நின்று விரல்களை அடுக்கி வாயை விரித்துப் பழகினேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். ஒரு விரல் இரண்டானது, ஐஸ்கிரீம் வாழைப்பழமானது. மச்சான் தினமும் போன் செய்து, "எப்படி இருக்கு மாப்ள?" என்று தணிந்த குரலில் கேட்பார். நானும் கல்நெஞ்சனாக, "பரவால்ல" என்பேன்.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் கழித்து, சிறுநீர் போவதற்காகச் சொருகியிருந்த டியூபை எடுத்தார்கள். போய் நின்ற மாத்திரத்தில் மடை திறந்த மாதிரி கொட்டியது. அப்பாடா! ஆஸ்பத்திரிக் கழிவறையில் தனியாக நின்று சிரித்தேன். சிரித்ததில் கன்னம் சுரீரென்றது, அது கிடக்கட்டும் என்று மறுபடியும் சிரித்தேன்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். மச்சான் பாதியாக இளைத்திருந்தார். என்னை நாற்காலியில் உட்கார வைத்து மின்விசிறியைத் திருப்பிவிட்டார். "புள்ளைங்களப் பத்திக் கவலப்படாதீங்க. நான் இருக்கேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புகையிலை என்ன ஆனாலும் ஆகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அடப்பாவி! மூணு வாரமா என்னைக் கொன்னுட்டீங்களே!" சோபாத் துணிச் சுருளை எடுத்து என் தோளில் நாலு வைத்தார். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு மெல்ல நின்றது. துணி போர்த்தாத சோபாச் சட்டத்தின் மேல் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரம்னு சொன்னீங்க? பாத்ரூம்ல."

"கால் மணி நேரம்."

"எனக்கு இருபது நிமிஷம் ஆகுது மாப்ள." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு வருஷமாச்சு. யார்கிட்டயும் சொல்லல."

ஒரே பட்டறை, ஒரே கழிவறை. இரண்டு தடியன்கள் முறைவைத்து உள்ளே போய் நின்றுவிட்டு, ஒன்றுமே நடக்காதவர்கள் போல வெளியே வந்திருக்கிறோம்.

"உங்களுக்கு என்ன கோளாறுன்னு டாக்டர் பாத்துச் சொல்லட்டும். நாளைக்கே போவோம். நானும் வர்றேன்."

"ஒருவேளை எனக்கும் ஒட்டுப்போடணும்னா? புகையிலை அடக்கின கன்னம். எடுப்பாங்களா?"

"மறுபடியும் போடாம இருந்தா எடுப்பாங்க" என்றேன், டாக்டர் மாதிரி.

அவர் எழுந்து வந்து போனில் டார்ச்சைப் போட்டார். "எங்க, தொறங்க பாப்போம்."

முடிந்த மட்டும் திறந்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மச்சான் என் கன்னத்துக்குள் எட்டிப் பார்த்தார்.