கல்மெட் பிடுங்கிய கீரை

எஃபாத்தே தீவில் எங்கள் ஊர்க்காரன் கல்மெட், தலைநகர் போர்ட் விலாவில் மூன்று நாள் விவசாயப் பயிற்சிக்குப் போய் முழு மேதையாகத் திரும்பினான். அதற்கு முன் அவன் மண்வெட்டியைத் தொட்டதில்லை என்பது அந்த மேதைமைக்கு ஒரு குறையாகவே படவில்லை.

வந்த அன்றே, மனைவி லெய்மாஸ் வேலியோரம் ஆளுயரத்துக்கு வளர்த்திருந்த தீவுக்கீரையைப் பிடுங்கத் தொடங்கினான்.

"வெண்டைக்காய்க்குச் சளி பிடிச்ச மாதிரி கொழகொழன்னு இது ஒரு கீரையா? முட்டைக்கோஸ் போடப்போறேன். நாகரிகமானவங்க அதைத்தான் திங்கிறாங்க."

"அவங்க எப்ப சாப்பிட வராங்கன்னு சொல்லிடு," என்றாள் லெய்மாஸ். "தலையாவது வாரிக்கிறேன்."

பிடுங்கிய தண்டுகளை வேலிக்கு அந்தப் பக்கம், தன் அண்ணன் மனைவி லெய்தாவுவின் தோட்டத்தில் வீசினான். ஒரு பன்றித் தகராறில் இரண்டு வீட்டுக்கும் ஒரு வருடமாகப் பேச்சு இல்லை. அண்ணி அந்தத் தண்டுகளைத் துண்டு போட்டு மழை ஈரத்தில் ஊன்றிவிட்டாள்.

முட்டைக்கோஸ் அமோகமாக வந்தது, புழுக்களுக்கு. வெயிலில் ஒன்றுகூட உருண்டை பிடிக்கவில்லை.

ஐந்தாவது மாதம் கல்மெட்டின் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. சிம்போரோ இல்லாமல் பந்தி ஏது? அதற்குத் துருவிய வாழைக்காயை உள்ளே வைத்துச் சுருட்டித் தேங்காய்ப்பாலில் வேகவைக்க, ஓட்டையில்லாத கீரை இலை வேண்டும். அந்த வருடம் வண்டு அரித்து ஊரார் இலையெல்லாம் சல்லடை. தினமும் விடியலில் வண்டு பொறுக்கிய லெய்தாவுவின் தோட்டம் மட்டும் தப்பியிருந்தது.

கல்மெட் வேலியோரம் போய் நின்றான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அண்ணி... கொஞ்சம் இலை."

"ஒன்றரை வருஷமா நான் அண்ணியா தெரியல. வாழைக்காய் துருவினதும் தெரியுதா, தம்பி?"

"கல்யாணம், அண்ணி. நானே பறிச்சுக்கிறேன்."

"உனக்குப் பிடுங்கத்தானே தெரியும். வா, பறிக்கவும் கத்துக்கோ. இதுக்கு ஒரே நாள் பயிற்சி போதும்."

மத்தியானம் முழுக்கப் பக்கத்திலேயே நின்று அவனைப் பறிக்க வைத்தாள். கிழிந்த இலைக்கெல்லாம் தனி ஏச்சு. கல்யாணத்தன்று அவளே வந்து முந்நூறு சிம்போரோ சுருட்டினாள். பிறகு லெய்மாஸைக் கட்டிக்கொண்டு அழுதாள். பன்றியைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது கல்மெட், அண்ணி பிழைக்கட்டும் என்றுதான் அந்தத் தண்டுகளைக் கொடுத்ததாக ஊர் ஆண்கள் கூடும் நக்கமாலில் உட்கார்ந்து சொல்கிறான். அங்கே கவா வேர்ச்சாறு குடித்து எங்களுக்கெல்லாம் நாக்கு மரத்துக் கிடப்பதால் மறுத்துப் பேச ஆளில்லை.