லெட்சுமணன் பெயரில் என் அப்பா

மதியம் இரண்டு மணிக்கு கெர்ட்ரூட் டீச்சர் அழைத்தபோது கெலாங் பாத்தா ஊரில் என் வாடகை அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். இரவு வேலைக்காரனை அந்த நேரத்தில் எழுப்புகிறவர்களிடம் நான் மரியாதையாகப் பேசுவதில்லை. அவரிடம் பேசினேன்.

"எல்வின், நம்ம கிளாஸ் வலைப்பூ ஞாபகம் இருக்கா? பாடத்துல அத எப்படிப் பயன்படுத்துறதுன்னு டீச்சருங்களுக்குச் சொல்லக் கூப்பிட்டிருக்காங்க. லெட்சுமணன் கட்டுரையக் காட்டலாம்னு இருக்கேன்."

ஞாபகம் இருந்தது. 2013, குளுவாங் பள்ளி, மூன்றாம் படிவம், பதினைந்து வயது. முதலில் நோட்டில் எழுத வேண்டும். டீச்சர் சிவப்பு மையில் திருத்துவார். வெள்ளிக்கிழமை வலைப்பூவில் ஏறும். மற்றவர்கள் கீழே ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும்; 'அருமை' என்று மட்டும் போட்டால் அழித்துவிடுவார். கணினி அறை ஏர்கான் சொட்டும், அடியில் ஒரு மைலோ டின் இருக்கும். தமிழில் வேகமாகத் தட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எல்லாருடைய நோட்டும் என் மேசைக்கு வரும். அந்தப் பள்ளியில் எனக்குப் பிடித்த இடம் அது மட்டுமே. மறு வருடம் படிப்பை விட்டுவிட்டேன்.

'என் அப்பா' என்று லெட்சுமணன் மூன்று வரி எழுதியிருந்தான். அதைத் தட்டாமல் என் அப்பாவை எழுதினேன். செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் சீருடை போட்டுக்கொண்டு ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்தவரை. என் பெயரில் போட்டால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். லெட்சுமணனின் அப்பா வங்கியில் வேலை செய்தார். பிரேமலா கீழே கேட்டாள்: "டேய், உங்கப்பா நேத்துகூட கவுண்டர்ல இருந்தாரே லா?" லெட்சுமணன் வாயே திறக்கவில்லை. பாராட்டை யார் விடுவார்கள்?

"அவன் எழுதுனது இல்ல டீச்சர்."

"தெரியும். அவன் நோட்டத் திருத்துனது நாந்தானே. மூணு வரி."

"அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?"

"கேட்டா எழுதறத நிறுத்திடுவியோன்னு பயம். கேக்காமலே நிறுத்திட்ட. என் தப்புதான். உன் பேரப் போடவா? லெட்சுமணன் சரின்னுட்டான். அவங்கப்பா அந்தக் கட்டுரைக்காக இன்னும் திட்டுறாராம்."

பெயர் வேண்டும் என்று இருந்தது. அது எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆனால் என் பெயரைப் போட்டால் அப்பாவின் ரகசியமும் கூடவே வெளியே போகும். எட்டு மாதத்தில் அவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. ரயில் நிலையத்தில் நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. நாங்கள் அதைப் பேசியதே இல்லை.

அப்பாவை அழைத்து ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

"எத்தன மணிக்குப் பாத்த?"

"பத்து, பத்தரை இருக்கும்."

"ஸ்கூல் நாளா?"

"ஆமாப்பா."

"அப்ப நீ அங்க என்னடா பண்ண?"

அப்பாவே சிரிக்கத் தொடங்கி இருமினார்.

"பேரப் போடச் சொல்லு. நீ ஸ்கூலுக்குப் போகாததையும் சேத்து எழுது."

டீச்சரிடம் அந்த வலைப்பூவின் கடவுச்சொல்லைக் கேட்டேன்.