மாற்று ஆள்

"நீங்க ஒரு நாள் வரலைன்னா என்ன ஆகும்?" என்று நவநீதன் கேட்டதும் வீராயி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்த ஊர்ல ஒருத்தரும் பொறக்க முடியாது சார். செத்தவங்க சாகவும் முடியாது."

கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருக்கும் மேலத்துறை பேரூராட்சியில் பிறப்பு, இறப்புப் பதிவு பார்க்கும் எழுத்தர் அவள். நவநீதன் சென்னையிலிருந்து வந்திருந்தார். யார் யாருக்கு என்ன பொறுப்பு, எந்தப் பதவி தேவை, எது தண்டம் என்று எடைபோட்டு மேலிடத்துக்குச் சொல்லும் வேலை அவருக்கு. தண்டம் என்று முடிவானால் கண்காணாத மாவட்டத்துக்குத் தூக்கியடித்துவிடுவார்கள் என்ற வதந்தி அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

அவ்வளவுதான், ஆபீசே அளக்க ஆரம்பித்துவிட்டது. தெருவிளக்கு பார்ப்பவர், தான் இல்லாவிட்டால் ஊர் இருட்டில் முட்டிக்கொள்ளும் என்றார். வரி வசூலிக்கும் ஜமீல், தன் முகத்தைப் பார்த்தால்தான் ஜனங்களுக்கு வரி கட்டவே மனசு வருகிறது என்று கூசாமல் சொன்னான்.

வீராயி அளக்கவில்லை. அவள் அதை மனசார நம்பினாள். பதிவுக் கணினியின் பாஸ்வேர்டைத் தாலியைப் போலக் காத்துவந்தவள் அவள். அவள் சாப்பிடப் போனால் கவுன்ட்டரும் சாப்பிடப் போகும். யாராவது வேலையைக் கற்றுக்கொள்ளப் பக்கத்தில் வந்து நின்றால், "போய் டீ சொல்லுங்க" என்று விரட்டிவிடுவாள்.

அந்த வாரம் அவளுக்கு வயிற்றில் வேறொரு நெருப்பும் இருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மகள் தேவதர்ஷினி, ஸ்ரீரங்கம் வீட்டில் நிறைமாதமாக இருந்தாள். மாப்பிள்ளை துபாயில். வீட்டுக்காரருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பகல் ஷிப்ட். லீவு போடலாம்தான். ஆனால் எடைபோட வந்திருக்கும் வாரத்திலா? ஆள் இல்லாமலும் இந்த சீட் ஓடுகிறது என்று எழுதிவிட்டால் பிழைப்பு போச்சே. 'இந்த ஒரு வாரம் பொறுத்துக்கடா கண்ணு' என்று, பிறக்காத பேரப்பிள்ளையிடமே மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பேரப்பிள்ளை பொறுத்துக்கொள்வதாக இல்லை. நவநீதன் அடுத்த கேள்விக்குப் போவதற்குள் போன் அடித்தது. வீராயி அமுக்கினாள். மறுபடி அடித்தது. மறுபடி அமுக்கினாள்.

"எடுங்கக்கா, புள்ளையா இருக்கப்போவுது" என்று பக்கத்து மேஜையிலிருந்து ஜமீல் அதட்டினான்.

எடுத்தாள்.

"வலி வந்துடுச்சும்மா. ஆட்டோவுல ஏறிட்டேன், புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கேன்" என்றாள் தேவதர்ஷினி. "சும்மா சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ ஆபீஸைப் பாரு."

வீராயி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கவுன்ட்டருக்கு வெளியே ஒருவர் அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்காகக் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். வேறு வழியில்லை. உயிரே போகிற மாதிரி ஜமீல் பக்கம் குனிந்து, "தம்பி, பாஸ்வேர்டை எழுதிக்க" என்று கிசுகிசுத்தாள்.

"எதுக்குக்கா எழுதணும்? தட்டுறப்பல்லாம் ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதான தட்டுவீங்க? வாட்ச்மேனுக்குக் கூட மனப்பாடம்."

"என்னது?"

"சமயபுரத்துக்குப் பால்குடம் எடுக்க லீவு போட்டீங்களே, அன்னைக்கு வந்த பதிவையெல்லாம் யாரு போட்டதுன்னு நெனச்சீங்க? நாந்தான்."

"அவங்கல்லாம் நான் வர்ற வரைக்கும் காத்திருந்தாங்கன்னுல்ல நெனச்சேன்!"

"நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு யாரும் சொல்லலைக்கா."

ஜமீல் ஒன்றும் மெதுவாகப் பேசவில்லை. நவநீதன் பேனாவைத் திறந்துவிட்டார். வீராயிக்கு முகம் சுண்டிப்போயிற்று. மகளுக்கு வலி எடுத்திருக்கும் நேரத்திலும் அந்த அவமானம் சுருக்கென்று தைத்ததை என்னவென்று சொல்ல?

"சார், அதை எழுதிடாதீங்க. எனக்கு இந்த வேலைதான் சார் எல்லாம்."

"எழுதத்தாம்மா போறேன். ஒரே ஆளை நம்பி நிக்கிற சீட்டைத்தான் மொதல்ல வெளியில கான்ட்ராக்டுக்குக் குடுத்துடுறாங்க. அந்த ஆள் படுத்துட்டா எல்லாம் நின்னுடும்னு அவங்களுக்குப் பயம். ஜமீல் பேரை மாற்று ஆளா போட்டாத்தான் உங்க சீட்டு பொழைக்கும்." அவர் வாசலைக் காட்டினார். "இன்னும் நின்னுக்கிட்டு இருக்கீங்களே, கிளம்புங்க!"

ஆட்டோ கொள்ளிடப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு, காவிரிப் பாலத்து நெரிசலில் ஊர்ந்தது. சீட்டு தப்பித்த சந்தோஷம் வருவதாக இல்லை. 'வாட்ச்மேனுக்குக் கூடவா?' என்று முணுமுணுத்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று ஓட்டினார்.

பிரசவ வார்டு வாசலில் நர்ஸ் கையை நீட்டி மறித்தாள்.

"யாரைப் பாக்கணும்?"

"தேவதர்ஷினி. நான் அவ அம்மா."

"கூட ஒருத்தங்க உள்ள இருக்காங்களே. ஒருத்தரைத்தான் விடுவோம்."

"யாரு இருக்கா?"

"பக்கத்து வீட்டம்மாவாம், வியாகுலம்மாள். போன செக்கப்புக்கு வந்தப்பவே உங்க பொண்ணு அவங்க பேரைத்தான் குடுத்துச்சு. அம்மாவால ஆபீஸை விட்டு வர முடியாதுன்னு அதுவே சொல்லுச்சு."

கோபித்துச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஒரு வார்த்தை குறை சொல்லாமல், அம்மா இருக்க வேண்டிய இடத்துக்கு மகள் வேறு ஆளைப் பார்த்து வைத்துவிட்டாள். "அவங்களைக் கொஞ்சம் வெளியில வரச் சொல்லும்மா" என்றாள் வீராயி. கவுன்ட்டரில் ஆளை விரட்டும் அரசாங்கக் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது.

வியாகுலம்மாள் கையை உதறிக்கொண்டே வந்தாள். "வந்துட்டியா வீராயி! என் வெரலை நசுக்கி எடுத்துட்டா. உன் பொண்ணு, நீயே புடி."

உள்ளே தேவதர்ஷினி வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தாள். அம்மாவைப் பார்த்ததும் நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தாள்.

"ஆபீஸ்?" என்றாள், வலியைப் பல்லில் கடித்துக்கொண்டு.

"அங்க நாலு பேரு இருக்காங்க" என்று வீராயி அவள் கையைப் பிடித்தாள். "நீ மூச்சை நல்லா இழுத்து விடு."