ஜெயரூபியின் மூக்கு

மல்லாவிக்குக் கிட்ட இருந்த பனஞ்சாராய வடிசாலையில் ஜெயரூபியின் மூக்குக்குத் தனி மரியாதை. வடிகலனிலிருந்து முதலில் இறங்குவது குடிக்க உதவாது. நகப்பூச்சு அழிக்கிற தண்ணிபோல் மணக்கும். அந்த மணம் போகிற நேரம் பார்த்துக் குழாயை நல்ல பீப்பாய்க்குத் திருப்பவேண்டும். எட்டு வருடமாக அது அவளுடைய வேலை. சாராயக் கொம்பனியில் வேலையா என்று பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் எழும்பிப் போனதையும் அவள் பெரிதாக எடுக்கவில்லை. ஆவணியில் விஸ்கி வடிப்புப் படிக்க ஸ்கொட்லாந்துக்கு அனுப்புவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

மாசியில் வந்த காய்ச்சலோடு அவளுக்கு மணம் தெரியாமல் போய்விட்டது. அடுப்பில் உள்ளி கருகியது அம்மா குசினிக்குள் ஓடிவந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு கிழமையில் வந்துவிடும் என்றிருந்தாள். வரவில்லை.

போத்தல் கழுவுகிற இரஞ்சிதத்திடம் மட்டும் சொன்னாள். வடி இறங்கும்போது இரஞ்சிதம் ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்து மணந்து பார்த்துத் தலையாட்டுவாள். ஜெயரூபி குழாயைத் திருப்புவாள். இப்படியே நாலு மாதம் போனது.

ஒரு புதன்கிழமை, மகளுக்குச் சுகமில்லையென்று இரஞ்சிதம் வரவில்லை. கலன் கொதித்துவிட்டது. நிற்பாட்டச் சொன்னால் காரணம் கேட்பார்கள். ஜெயரூபி வெப்பமானியைப் பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள், குத்துமதிப்பாகத் திருப்பினாள்.

பின்னேரம் பீப்பாயைத் திறந்த பொறுப்பாளர் சிவகரன் முகத்தைச் சுளித்தார்.

"ஆர் இதைத் திருப்பினது?"

"நான்தான் சேர். எனக்கு மணம் தெரியிறேல்லை. மாசியிலயிருந்து."

அவர் பீப்பாயை மூடினார். "அப்ப இவ்வளவு நாளும்?"

"இரஞ்சிதம்தான் மணந்து சொன்னவ."

நாலு மாதத்துப் பீப்பாய்களையும் திறந்து பார்த்தார்கள். ஒன்றிலும் பிழையில்லை. ஆறுதல்பட வேண்டிய இடத்தில், தன்னுடைய மூக்கில்லாமலே வேலை நடந்திருக்கிறது என்பதுதான் ஜெயரூபிக்குச் சுட்டது.

ஸ்கொட்லாந்துப் பயணம் நின்றுபோனது. குழாய் திருப்புகிற வேலை இரஞ்சிதத்துக்குப் போனது.

"மிஸ், நான் உங்கட இடத்தைப் பறிக்கேல்லை," என்றாள் இரஞ்சிதம், நிலத்தைப் பார்த்தபடி.

"நான்தானே தந்தனான்."

சொன்னாளே தவிர, மூன்று நாளாக அவளோடு கதைக்க ஜெயரூபிக்கு வாய் வரவில்லை.

வவுனியாவில் மூக்கு வைத்தியர், மணம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். வேலையை விடச்சொல்லி அம்மா அழுதா. ஜெயரூபி விடவில்லை. திங்கட்கிழமை காலை பஸ் ஏறி, அதே வடிசாலையில், கள்ளுப் புளிக்கிற ஊறல் தொட்டிகளின் சூடு பார்க்கிற புது வேலைக்குப் போனாள்.