நாலு மணி வாசிப்பு

மனித குலத்தின் வீழ்ச்சி, முதல் ராஜினாமாக் கடிதம் எழுதப்பட்ட அன்று தொடங்கியது என்பது பத்மநாபனின் கண்டுபிடிப்பு.

ஜாதவ்பூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் அவர் மேனேஜர். பதினெட்டு வருஷமாக ஒரே நாற்காலி. யாராவது அமெரிக்கா போகிறேன் என்று கடிதம் கொடுத்தால், நாலு மணி டீக்கு ஆபீஸையே கூட்டி அதை உரக்கப் படிப்பார். நடுநடுவே பிழை திருத்துவார். முடிவில் "பாலியே கேச்சே" என்று வங்காளத்தில் தீர்ப்பு வழங்குவார். ஓடிப்போய்விட்டான் என்று அர்த்தம்.

தொண்ணூற்றொன்பதில் நரேனின் கடிதத்தைப் படித்தபோதுதான் விபரீதம் நடந்தது. "சார், உங்களை இந்த நாற்காலியோடதான் பெத்தாங்களா?" என்று கேட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். டைப்பிஸ்ட் வத்சலா மட்டும் சிரிக்கவில்லை. இருமினாள். அந்த இருமல் ஐந்து வருஷமாகப் பத்மநாபனின் காதிலேயே இருந்தது.

இப்போது அதே நரேன் எதிரே நின்றான். பத்மநாபன் மேஜை டிராயரை அவசரமாகச் சாத்தினார். உட்காரச் சொல்லவில்லை.

"அங்க கம்பெனி மாறிட்டேன் சார். புதுக் கம்பெனி கிரீன் கார்டுக்கு முதல்லேருந்து ஃபைல் பண்றாங்க. இங்க பார்த்த வேலைக்கு நீங்க ஒரு அனுபவச் சான்று தரணும்."

"ஓ, அங்கேருந்தும் ஓடிட்டியா?"

"விசாவுக்கு ஆறு வருஷம்தான் கெடு சார். அது முடிய ஒரு வருஷம் முன்னாடியே பேப்பர் போகணும். இந்த மாசம் போகலைன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்."

பத்மநாபனுக்கு வயிறு குளிர்ந்தது. முதல் நாள் லெட்டர்ஹெட் தீர்ந்துபோனது. இரண்டாம் நாள் ரப்பர் ஸ்டாம்பைக் காணவில்லை. மூன்றாம் நாள் அவருக்கே பேனா எழுதவில்லை. நரேன் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

நாலாம் நாள் சொன்னார்: "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுது. டீ டயத்துல நீயே படி."

எழுதினான். படித்தான். "சாரை நாற்காலியோடு பெற்றார்கள் என்று நான் சொன்னது தவறு. நாற்காலி பிறகு வந்தது." பத்மநாபன் இரண்டு இடத்தில் பிழை திருத்தினார். யாரும் சிரிக்கவில்லை. வத்சலா இருமவில்லை. பழி தீர்ந்தது.

பிறகு அறைக்குள் கையெழுத்துப் போடும்போது கேட்டார்.

"தேதி, பதவி, என்ன வேலைன்னு வரி வரியா... கனடாக்காரனும் இப்படித்தான் கேப்பானா? சும்மா கேட்டேன்."

"அதேதான் சார். ஆனா அங்க வயசுக்கும் மார்க் உண்டு. நாப்பத்தொன்பது வரைக்கும்தான் முழு மார்க்."

பத்மநாபனுக்கு வரும் மார்ச்சில் ஐம்பது. பேனா நன்றாகவே எழுதியது.

நரேன் போனதும் வத்சலாவைக் கூப்பிட்டார்.

"இதே மாதிரி இன்னொண்ணு அடிம்மா. தேதி, பேரு, வேலை மட்டும் மாத்து. கீழே முதலாளி பேரு."

"யாருக்கு சார்?"

டிராயரைத் திறந்து, மேப்பிள் இலை போட்ட பழுப்பு உறைக்கு அடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். அவருடைய பெயர்தான்.

"நாளைக்கு டீக்குப் படிக்கணுமா சார்?"

"வேண்டாம்."

வத்சலா இருமினாள்.

சாயங்காலம் கடிதத்தை ஃபைலில் செருகிக்கொண்டு ஆட்டோ பிடித்து டாலிகஞ்சுக்குப் போனார். முதலாளி ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஃபைலை வாங்கிக் கடிதத்தை முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்கத் தொடங்கினார். பத்மநாபனை உட்காரச் சொல்லவில்லை.