உண்டியல் சாறி

என்ட புருசன் சவூதியில. அவர் அனுப்புற காசு பேங்குக்குப் போகாது. மருதமுனைச் சாறி யாவாரி லெப்பைத்தம்பி அதைச் சாறி மடிப்புக்குள்ள வச்சுக் கொண்டாந்து தருவாரு. அதுதான் எங்கட உண்டியல்.

அண்டைக்குப் பேங்கு மனேஜர் ஊட்டுக்கே வந்திட்டாரு.

"உண்டியல் கள்ள வழி, தங்கச்சி. நாட்டுக்குச் சேர வேண்டிய டொலரெல்லாம் நாசமாப் போகுது," எண்டு நிப்பாட்டாம ஓதினாரு. எனக்கு மண்டை கொதிச்சிச்சி. தேத்தண்ணி கூடக் குடுக்கல்ல.

அந்த நேரம் பாத்து லெப்பைத்தம்பி சைக்கிள் மணியடிச்சிக்கிட்டு வந்தாரு. மனேஜரைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"சேர், நீங்க இங்கயா? குவைத்தில இருந்து உங்கட மச்சான் அனுப்பின சாறிய இப்பதான் உங்கட ஊட்டுல குடுத்திட்டு வாறன்!"

மனேஜர் எழும்பிச் செருப்பைத் தேடினாரு.

"இருங்க சேர்," எண்டன். "இப்ப தேத்தண்ணி ஊத்துறன்."