உரிமம் வேண்டாத கம்பி

1

இக்கதை சினத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தளியிலிருந்து ஓசூருக்கு வரும் பேருந்தில் என் அருகே அமர்ந்த ஜோதியம்மாள், உரிமச் சிக்கலால் காவல் நிலையத்தில் கிடக்கும் தம் கணவரின் பயிர்க்காவல் துப்பாக்கியைப் பற்றிச் சொன்னார். அன்று மாலை முருகன் திருமுன் நின்றபோது எனக்குத் துதி வரவில்லை. 'வேலேந்திய பெருமானே, உன்னிடம் உரிமம் கேட்பார் யாருமில்லை' என்றுதான் வந்தது.

2

முதல் தொடக்கம்: 'மலைச்சாரலில், கதிர் முற்றிய புனத்தில், பரண்மேல் நின்று கவண் சுழற்றும்——'

(விட்டுவிட்டேன். பழம்பாடல்களில் ஊறிய கை தானாக எழுதியது. அங்கே புனம் காப்பவளைத் தேடிக் காதலன் வருவான். இங்கே காட்டுப்பன்றி வருகிறது. பேருந்திலேயே ஜோதியம்மாளிடம் பரணைப் பற்றிக் கேட்டிருந்தேன். "ஏணி ஏற முட்டி ஒத்துக்காதுங்க சார்" என்றார்.)

3

கணவர் வெங்கடசாமி சட்டத்தோடு நடந்தவர். உரிமத்தின் கால அளவை மாற்றினார்கள், அவரும் மாற்றிக்கொண்டார். விண்ணப்பத்தைக் கணினிக்குள் கொண்டுபோனார்கள். கணினி மையத்து வாசலில் நின்றார். தேர்தல் அறிவித்தவுடன், விதிப்படி, எப்போதும்போல், துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைத்தார். வாக்கு எண்ணுமுன் மாரடைப்பில் இறந்துபோனார்.*

உரிமம் அவரோடு முடிந்தது. மனைவி பெயரில் பெறப் பயிற்சிச் சான்று வேண்டும் என்றார்கள். பயிற்சி எங்கே என்று கேட்டதற்கு, வேறு மாவட்டத்தில் விசாரிக்கச் சொன்னாராம் அலுவலர். அடுத்தமுறை போனபோது அவர் இடம் மாறியிருந்தார். வந்தவர் வேறொரு விதி சொன்னார்.

"சுடறதுக்கா கேக்கறேன்? மேல பாத்து ஒரு வெடி வெடிச்சா பன்னி ஓடிடும். அந்தச் சத்தத்தத்தான் சார் பூட்டி வச்சிருக்காங்க."

* இறக்கும் நாளைத் தேர்தல் அட்டவணையோடு ஒத்துப்பார்க்கத் தவறியது மட்டுமே வெங்கடசாமி செய்த விதிமீறல்.

4

இனி வருவது என் புனைவு.

மகன் சந்தோஷ் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவன். அவனைக் கொடியவனாக்க முயன்றேன்: 'அவன் கண்களில் வன்மம்——' (பொய். இருந்தது ஷிப்டுத் தூக்கம்.) பாதிக் கேழ்வரகைப் பன்றிகள் உழுதுவிட்டன; மீதிதான் ஆண்டு முழுமைக்கும் வீட்டின் களி. கம்பி வாங்கி வந்து வயலைச் சுற்றிக் கட்டுகிறான். மோட்டார் கொட்டகையிலிருந்து அதற்கு மின்சாரம். கம்பி விற்றவர் எந்தச் சான்றும் கேட்கவில்லை.

"டேய், விடிகாலைல பக்கத்து வயக்கார ஆஞ்சப்பன் நம்ம வரப்பு மேலதான்டா அவரு கெணத்துக்குப் போவாரு."

"சொல்லிட்டேம்மா."

"ஆனைக்குச் சொல்லிட்டியா?"

அவன் முறுக்கிய கம்பியை விடவில்லை. "நீ போயி துப்பாக்கிய வாங்கியா. நானே இத அவுத்துடறேன்."

5

முடிவு ஒன்று: பன்றி விழுகிறது, சந்தோஷ்மேல் வழக்கு. அதற்கான சட்டம் மட்டும் மாறாமல், தெளிவாக, உடனே வந்து சேர்கிறது.

முடிவு இரண்டு: ஆஞ்சப்பன் மறந்துபோய்—— (எழுத மாட்டேன்.)

முடிவு மூன்று: துப்பாக்கி வீடு திரும்புகிறது. (எந்த விதியின்கீழ்? அறிந்தவர் நிரப்புக.)

நான் இப்படித் தடுமாறுகையில், ஜோதியம்மாள் என்னைக் கேளாமலே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வரப்பின் தலைமாட்டில் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். மடியில் தகரத்தட்டு, கையில் கரண்டி. பன்றி தகரத்துக்கு அஞ்சுவதை என்றோ விட்டுவிட்டது. மனிதர் காதில் விழும்.

புனம் காக்கும் பெண்ணை எழுத ஆசைப்பட்டேன் அல்லவா? இதோ, தம் கதிரைக் காக்கும் கம்பியிடமிருந்து ஊரைக் காக்க அமர்ந்திருக்கிறார். என் பழம்பாட்டு இவ்வளவு கேவலமாகப் பலிக்கும் என்று நான் எண்ணவில்லை.

பொழுது சாய்ந்துவிட்டது. கொட்டகையில் சந்தோஷின் விரல் சுவிட்சின்மேல். அவ்வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. ஜோதியம்மாளுக்கோ இப்போதே கண் சொக்குகிறது. அவரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் யார் உட்காருவது? சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.